நாயோடு மலைப்பாதையில்: கேள்வி பதில்

சேலத்திலிருந்து: சார், முதுமலைக்கு எங்கள் லேப்ரடாரைக் கூட்டிப் போகலாமா? கயிற்றை விடவே மாட்டோம்.

வேண்டாங்க. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா எதற்குள்ளும் வளர்ப்பு நாயைக் கொண்டு போகாதீர்கள். குரைப்பு மட்டும் பிரச்சினை இல்லை. 2018-ல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, சிலவற்றின் உடலில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. காப்புக்காட்டுக்குள் போக நமக்கே வனத்துறை அனுமதி வேண்டும். ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் ஊருக்கு ஊர் போகும் பொதுவழியும், உரிமையாளர் சம்மதித்த காப்பித் தோட்டப் பாதையுமே போதும்.

நாமக்கல்லிலிருந்து: கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் எங்கள் நாய் வாந்தி எடுத்துவிடுகிறது.

கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது மூன்றும் முன்னறிகுறி. அப்போதே ஓரங்கட்டி, பத்து நிமிடம் இறக்கி நடத்துங்கள்.

மதுரையிலிருந்து: வெயில் எவ்வளவு தாங்கும்? பக் வகை, 8 கிலோ.

அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். நாய்க்கு மூச்சிரைப்புதான் குளிர்ச்சி. பக்கின் மூக்கோ சப்பை. இரைத்தாலும் சூடு சரியாக வெளியேறாது. காலை 9 மணிக்குள் நடையை முடியுங்கள். புறங்கையைப் பாறையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துவிடும். குறைந்தது அரை லிட்டர் தண்ணீரை அதற்கென்றே தனியாக எடுத்து, கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இறக்கத்தில் துள்ளிக்கொண்டு போகும். திரும்பி ஏறும்போதுதான் சுருண்டு விழும்.

நாக்கு அடர்சிவப்பாகி, எச்சில் பிசுபிசுத்து, கால் தள்ளாடினால் வெப்பத் தாக்கு. நிழலுக்குத் தூக்கிப் போய் வயிறு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் நனையச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். தெளிந்து எழுந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளுறுப்பு பாதிப்பு பிறகுதான் தெரியும்.

வால்பாறையிலிருந்து: அட்டை, உண்ணி இரண்டுக்கும் உப்புதானே?

அட்டைக்கு உப்பு சரி; நகத்தால் வாய்ப்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினாலும் விட்டுவிடும். ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், மூக்குக்குள் அட்டை ஏறும். ஒரு துவாரத்தில் மட்டும் ரத்தம் கசிந்து, ஓயாமல் தும்மினால் அதைச் சந்தேகியுங்கள். மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

உண்ணிக்கு உப்பு, மண்ணெண்ணெய், நெருப்பு எதுவும் ஆகாது. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, சோர்வோ தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கூடலூரிலிருந்து: ஆளில்லாத இடத்தில் அவிழ்த்து விடலாமா?

கூடவே கூடாது. காட்டெருமையைக் கண்டால் நாய் குரைத்துத் துரத்தும். அது திருப்பித் துரத்தினால் உங்கள் காலடிக்கே ஓடி வரும், பின்னாலேயே காட்டெருமையும். சிறுத்தைக்கோ நாய் இரை. அதிகாலை இருட்டிலும் அந்தியிலும் கூட்டிப் போகாதீர்கள். இரண்டு மீட்டர் நிலையான கயிறு, மார்புப் பட்டை. இழுக்க இழுக்க நீளும் கயிறு புதரில் சிக்கும்.

திண்டுக்கல்லிலிருந்து: நடந்த பிறகு நொண்டினால் பாராசிட்டமால் பாதி தரலாமா?

தராதீர்கள், அது நாய்க்கு நஞ்சாகலாம், ஐபுரூஃபனும் அப்படியே. முதலில் விரலிடுக்கில் முள், புல்லின் ஊசி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்து, உப்புநீரில் கழுவுங்கள். மறுநாளும் நொண்டினால் மருத்துவர்.