மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா வந்த ஒருவரின் இங்கிலாந்துப் பூர்வீகத்தை எப்படி உறுதிசெய்வது?

வம்சாவளி ஆய்வில் என்னை மிகவும் ஈர்த்த ஸ்டீபன் ஹாப்கின்ஸின் கதையைக் கொண்டே இதற்கு விடை சொல்கிறேன். 1620இல் மேஃபிளவரில் வந்து பிளிமத்தில் குடியேறியவர் அவர்.

உறுதியாகத் தெரிந்த முனையிலிருந்துதான் பின்னோக்கி நடக்க வேண்டும். 1644இல் எழுதிய உயிலில் ஹாப்கின்ஸ் தம்முடைய பெரிய காளையை மகன் ஜைல்ஸுக்கும், பெண்குதிரையை நிக்கோலஸ் ஸ்னோவின் மனைவியான மகள் கான்ஸ்டன்ஸுக்கும் கொடுத்திருக்கிறார். இவ்விருவரும் முதல் மனைவியின் பிள்ளைகள் என்பதை பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு எழுதிவைத்த பயணிகள் பட்டியல் தெரிவிக்கிறது. ஆகவே, தேட வேண்டியது ஸ்டீபன் என்ற ஒற்றைப் பெயரை அன்று. ஹாப்கின்ஸ் குடும்பம் ஒன்றில் கான்ஸ்டன்ஸும் ஜைல்ஸும் உடன்பிறந்தவர்களாக, பொருத்தமான வயதில், சேர்ந்து வரும் ஊரை.

இப்படித் தேடாததால், அவர் க்ளாஸ்டர்ஷயரின் வொர்ட்லியைச் சேர்ந்தவர் என்ற கருத்து நெடுங்காலம் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1998இல் வெளியான ஓர் ஆய்வுதான் அதை மாற்றியது. ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி தேவாலயப் பதிவேட்டில் கான்ஸ்டன்ஸின் ஞானஸ்நானம் 1606 மே 11 என்றும், ஜைல்ஸின் ஞானஸ்நானம் 1607 ஜனவரி 30 என்றும் இருந்தன. அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே எட்டே மாதமா என்று திகைக்க வேண்டாம்: அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது என்பதால், அந்த ஜனவரி நம் கணக்கில் 1608. பழைய பதிவேடுகளைத் திறக்கும் எவரும் முதலில் இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவர்களின் தாய் மேரி 1613இல் ஹர்ஸ்லியிலேயே இறந்தார். அவருடைய சொத்து ஆவணமோ அவரை விதவை என்கிறது! ஆனால் அவருடைய கணவர், 1609இல் வர்ஜீனியாவை நோக்கிப் புறப்பட்டு, பெர்முடாவில் கப்பல் உடைந்து கரையேறிய பிறகும் உயிரோடுதான் இருந்தார். நான்காண்டுகள் திரும்பாத கடல் பயணியைப் பற்றி ஊர் என்ன நினைத்திருக்கும் என்பது விளங்குகிறது. அவசரக்காரர் ஒருவர் அந்த ஒரு குறிப்பைக் கண்டே இந்தக் குடும்பத்தை ஒதுக்கியிருப்பார். பிள்ளைகளின் பெயர்கள்தான் அதைக் காப்பாற்றின. பின்னர் நடந்த தேடலில், அதே ஹாம்ப்ஷயரின் அப்பர் கிளாட்ஃபோர்டு ஊரில் ஸ்டீபனின் ஞானஸ்நானப் பதிவும், 1581 ஏப்ரல் 30 என்ற தேதியுடன், கிடைத்தது.

நீங்கள் தேடுபவருக்கும் உயில் இருந்தால், முதலில் பிள்ளைகளின் பெயர்களையும் மருமகன்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே இங்கிலாந்துப் பதிவேடுகளுக்குப் போங்கள்.