34 சதவீத பேனல் மாடியில் எத்தனை யூனிட் தரும்?

கேள்வி: மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்றிருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்று புது வகை வருகிறதாம், வெயிலில் 34 சதவீதத்தை மின்சாரமாக்குமாம். அதற்காகக் காத்திருக்கலாமா? இப்போதைய சிலிக்கானைவிட எத்தனை யூனிட் கூடக் கிடைக்கும்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: காத்திருக்க வேண்டாம், சிலிக்கானே போட்டுவிடுங்கள். ஆனால் எத்தனை யூனிட் என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் சரியான கேள்வி, ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதும் அதோடுதான்.

2009இல் ஜப்பானில் மியாசகா என்ற விஞ்ஞானியின் குழு செய்த முதல் பெரோவ்ஸ்கைட் செல் வெறும் 3.8 சதவீதம். 2024இல் சீனாவின் லாங்கி நிறுவனம் 34.6 தொட்டது உண்மைதான், ஆனால் அது சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை ஏற்றிய ஜோடி செல், அதுவும் நகம் அளவுக்குத்தான். அளந்தது 25 டிகிரியில். ஏப்ரல் மதியம் உங்கள் மாடியில் பேனல் 65 டிகிரி வரைக்கும் போகும்.

சூட்டில் பெரோவ்ஸ்கைட் கெட்டிதான். சிலிக்கான் டிகிரிக்கு சுமார் 0.35 சதவீதம் இழக்கும், 40 டிகிரி கூடினால் 14 சதவீதம் போச்சு, 400 வாட் பேனல் 344தான் தரும். பெரோவ்ஸ்கைட் மட்டும் உள்ள செல்லில் இந்த இழப்பு பெரும்பாலும் பாதிதான். பலர் கணக்கை இதோடு முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது.

சிலிக்கானுக்கு நேற்று என்ன நடந்தது என்பது கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. இன்றைய வெயிலும் சூடும் தெரிந்தால் இன்றைய யூனிட் தெரிந்துவிடும். பெரோவ்ஸ்கைட் அப்படியல்ல, வெளிச்சம் பட்டதும் அதன் படிகத்துக்குள் அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள அணுக்கள், இடம் மாறத் தொடங்குகின்றன. ஒரே செல்லை வோல்டேஜ் ஏற்றிக்கொண்டே அளந்தால் ஒரு விடை, இறக்கிக்கொண்டே அளந்தால் வேறு விடை என்று வருவதுண்டு! சில செல்கள் பகல் முழுக்க இறங்கி ராத்திரி இருட்டில் ஓரளவு தேறிக்கொள்ளும்; வேறு சில ராத்திரியில் சோர்ந்துபோய், காலையில் வெயில் பட்டுக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் நிமிரும். ஆக, காலை பத்து மணிக்கு எவ்வளவு தரும் என்று சொல்ல, நேற்று ராத்திரி, போன வாரம் எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஆய்வகத்தில் 1000 மணி நேரம் விளக்கை அணைக்காமல் காட்டினாலும் அது 42 நாள்கூட ஆகாது, அதில் ஒரு ராத்திரிகூட இல்லை. அதனால்தான் 2020இல் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஒப்புக்கொண்ட சோதனை முறைகளில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் சோதனையும், வெட்டவெளிச் சோதனையும் இருக்கின்றன.

அப்புறம் ஜோடி செல்லில் இன்னொரு சிக்கல். பெரும்பாலும் மேலும் கீழும் தொடராக இணைந்திருப்பதால் கரண்ட் குறைந்த செல்தான் மொத்தத்தையும் தீர்மானிக்கும். மாலை வெயில் சிவக்கும்போது நீலம் குறைந்து மேல் செல் பின்தங்கும், கூடவே கீழ் செல்லின் கரண்டும் வீணாகும்.

நாளைக்கு யாராவது விற்க வந்தால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். நம்மூர் மாதிரி வெயில் ஊரில், வெட்டவெளியில் வைத்து, ஒரு கிலோவாட்டுக்கு வருஷம் முழுக்க எத்தனை யூனிட் வந்தது என்று கேளுங்கள், பக்கத்திலேயே இரண்டாம் வருஷக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள்.