கல்லீரல் தழும்பைக் குறைப்பதில் லோசார்டானுக்கு என்ன பங்கு?

இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் லோசார்டான் கல்லீரல் தழும்பை எப்படிக் குறைக்கக்கூடும் என்பதே கேள்வி. ஹார்மோனின் கட்டளையைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தை ஏற்பி என்கிறோம்; ஹார்மோனை முந்தி அந்த ஏற்பியைப் பிடித்துக்கொள்வது ஏற்பித் தடுப்பான். மதுவாலோ ஹெபடைடிஸ் கிருமியாலோ கல்லீரல் ஓயாமல் காயப்படும்போது, அதுவரை வைட்டமின் ஏ-யைச் சிறு கொழுப்புத் துளிகளாகச் சேமித்துவந்த நட்சத்திர வடிவச் செல்கள் உருமாறி, தழும்புக்குரிய கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. ஆஞ்சியோடென்சின் 2 என்னும் ஹார்மோன் அவற்றை மேலும் முடுக்கிவிடுகிறது. பூட்டுத் துளைக்குள் ஒடிந்த சாவி கிடந்தால் சரியான சாவியும் நுழையாதல்லவா? லோசார்டானும் இந்த ஹார்மோனுக்குரிய ஏற்பியில் அமர்ந்து அப்படித்தான் வழியடைக்கிறது. விலங்குச் சோதனைகளில் தழும்பு குறைந்தது. மனிதர்களில் அந்தப் பலன் இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே இதைக் கல்லீரல் மருந்தென்று எண்ணித் தாமாகவே விழுங்குவது தவறு: வயிற்றில் நீர் கோத்த சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பேறிய நிலை) நோயாளிக்கு இது இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடும்.