போக்சோ வழக்கில் அரசு வக்கீல் இருக்கும்போது குழந்தைக்குத் தனி வக்கீல் எதற்கு?

வழக்கை அரசு வழக்கறிஞர் நடத்தும்போது, பாதிக்கப்பட்ட குழந்தைக்காக வரும் வக்கீல் என்னதான் செய்வார், அந்த வேலையை மனசு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூரில் தொழில் செய்கிறேன். பாகப்பிரிவினை, செக் கேஸ், ஜீவனாம்சம் இதெல்லாம்தான் ஆபீஸ் வாடகையைக் கட்டுகிறது. போக்சோ (18 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்குகள், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக வரும், இல்லையென்றால் யாராவது டீச்சரோ அங்கன்வாடி அக்காவோ அனுப்பி வரும்.

கோர்ட்டில் எழுந்து வாதாடுவது எங்கள் வேலை இல்லை என்பது உண்மைதான். போக்சோ சட்டத்தின் 40-ஆம் பிரிவு, குடும்பம் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. வழக்கை நடத்துவது சிறப்பு அரசு வழக்கறிஞர்; நாங்கள் கூட நின்று உதவலாம். ஆனால் நான் பார்த்தவரை இந்த வழக்குகள் கோர்ட் ஹாலில் தோற்பதைவிட, எஃப்ஐஆர் போட்ட நாளுக்கும் குழந்தை சாட்சி சொல்லும் நாளுக்கும் நடுவில் வீட்டுக்குள் தோற்பதுதான் அதிகம். என் வேலை முக்கால்வாசி அந்த இடைவெளியில்தான்.

காரணம், செய்தவன் யாரோ முகம் தெரியாத ஆளாக இருப்பது குறைவு. சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுத் தாத்தா, டியூஷன் சார். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு வீடு (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியே எழுதுகிறேன்). அம்மா பீடி சுற்றுகிறார். ஜெயிலில் இருப்பவன் அப்பாவின் தம்பி. அவன் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் ஆயா என்னிடம் வந்து, “ஜெயில்ல கீறவனும் என் புள்ள, இவளும் என் பேத்தி. நான் எந்தப் பக்கம் நிக்கட்டும் வக்கீலம்மா?” என்றார். பக்கம் எதுவும் நிற்கச் சொல்லவில்லை. சாட்சி முடியும்வரை பேத்தியிடம் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், அழ வேண்டுமென்றால் என் ஆபீஸில் வந்து அழுங்கள் என்றேன். வந்து அழவும் செய்தார்.

அந்த வீட்டில் முதலில் போட்ட மனு இடைக்கால இழப்பீட்டுக்கு. 2020 போக்சோ விதிகளின்படி எஃப்ஐஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இதைக் கேட்கலாம். கடைசியில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானாலும்கூட இழப்பீடு கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரியாது, சில வக்கீல்களுக்கும்தான். உத்தரவு கிடைத்த 30 நாளில் அரசு பணம் தர வேண்டும். ஆனால் குழந்தையின் ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளிச் சான்றிதழில் வேறு இனிஷியல் என்றிருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கவே இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் நடையாய் நடக்க வேண்டும். நடப்பது நாங்கள்தான். பணம் வந்து வாடகை கட்டிய பிறகுதான் அந்த அம்மா கொழுந்தனின் ஆட்களிடம் நிமிர்ந்து பேசினார். அதற்கு முன் நான் சொன்ன சட்டம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நானாக இருந்தாலும் ஏறியிருக்காது.

பஞ்சாயத்துப் பேச வருகிறவர்களுக்கு என்னிடம் பொறுமை கிடையாது. ‘பொண்ணோட எதிர்காலம்’ என்று தொடங்குவார்கள், தொகையில் வந்து முடிப்பார்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தை இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது வேறு வழியில் வருகிறார்கள்: அம்மாவையும் குழந்தையையும் பிறழ்சாட்சி ஆக்க, அதாவது முதலில் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்ல வைக்கப் பார்ப்பது. வாய்தா தள்ளத் தள்ள அவர்களுக்குத்தான் வசதி. வழக்கைக் கோர்ட் கையில் எடுத்ததிலிருந்து 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது, விசாரணையைக் கூடியவரை ஒரு வருடத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையைச் சொல்ல வேண்டியதில்லை. பீஞ்சமந்தை மலையிலிருந்து இறங்கி, ஒடுகத்தூர் வந்து, பஸ் பிடித்துச் சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தவரிடம் ‘இன்னிக்கு இல்லமா’ என்றால், அன்றைய கூலி போச்சு, அடுத்த முறை வரும் எண்ணமும் போச்சு.

அப்புறம் தேதி. குறுக்கு விசாரணையில் இதைத்தான் பிடிப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேதி எப்படித் தெரியும்? குடியாத்தம் பக்கத்துச் சிறுமி ஒருத்தியிடம் கேட்டபோது, “சிரசுக்கு அடுத்த நாளு, ராட்டினம் இன்னும் பிரிக்கல” என்றாள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருடா வருடம் வைகாசி 1. காலண்டரைத் திருப்பினால் தேதி வந்துவிடும். வாக்குமூலத்தில் ‘மே மாதம் சுமார் நடுவில்’ என்று எழுதப் போனார்கள். குழந்தை சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும் என்று 26-ஆம் பிரிவைக் காட்டி, ராட்டினத்தையும் சேர்த்து எழுத வைத்தேன். சுடிதாரில் வந்திருந்த அந்தப் பெண் எஸ்.ஐ. நல்லவர், முகம் சுளிக்காமல் மாற்றி எழுதினார். கோர்ட்டிலும் குழந்தை அதையே சொன்னது. எதிர்த் தரப்பு வக்கீலுக்கும் அந்தத் திருவிழா தெரியும், அதற்கு மேல் அவர் தேதியைத் தொடவில்லை.

சாட்சி சொல்லப் பழக்க மாட்டேன். “உனக்கு யார் பாப்பா சொல்லிக் குடுத்தாங்க?” என்ற கேள்வி கட்டாயம் வரும்; யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்க வேண்டும். ஒருநாள் முன்னதாக அழைத்துப்போய்க் காலி ஹாலைக் காட்டுவேன். ஜட்ஜ் இங்கே, நீ இங்கே, அம்மா உன் பக்கத்தில். அவன் உன் கண்ணில் படாதபடி மறைப்பு இருக்கும். கேள்வியை வக்கீல் நேராகக் கேட்கக் கூடாது, ஜட்ஜ்தான் கேட்பார். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். தண்ணீர் கேட்கலாம், பாத்ரூம் போகலாம். இந்தக் கடைசி வரியில்தான் பாதிப் பிள்ளைகளுக்கு முகம் தெளிகிறது.

காதல் விவகாரங்களும் இதே கோர்ட்டுக்கு வரும். பதினேழு வயதுப் பெண் ஓடிப்போனால் அப்பா கையில் எடுக்கும் முதல் ஆயுதம் போக்சோ. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். ஆண் குழந்தைகளுக்கும் இதே சட்டம்தான். ‘பையன்தானே, மறந்துடுவான்’ என்று சொல்லும் அப்பாக்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

சிறு வயதில் நடந்ததைச் சொல்ல முப்பது, நாற்பது வயதில் வருகிறவர்களும் உண்டு. போக்சோ அமலுக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முன் நடந்ததற்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் பொருந்தும். பாலியல் வன்கொடுமை போன்ற பெரிய குற்றங்களுக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் இவர்களில் பலருக்குக் கேஸ் வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு அந்தப் பெரியப்பா வரக் கூடாது, அதை வீட்டில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை, நேரில் போய் அவர் அண்ணனிடம் பேசினேன். பெரியப்பா வரவில்லை.

மனசு தாங்குமா என்றால், கேஸ் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை. என் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாகவே விசாரிப்பேன், அதற்கு வீட்டில் திட்டு விழும்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது தேவைப்பட்டால், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். சட்ட உதவிக்கு 15100. வேலூரில் ஆணைக்குழு அலுவலகம் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது, அதனால் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸில் போய் நிற்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு முதலில் போனாலும் சரி, எஃப்ஐஆர் கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள்.