ஊடுருவும் கதையில் ஆள் யார்? கேள்வி பதில்

தீவிரவாதக் குழுக்களுக்குள் வேஷம் போட்டு நுழையும் த்ரில்லர் கதைகளில் யாரை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காட்பாடியிலிருந்து: அக்கா, என் ஹீரோ போலீஸ். அவன் என்ன சாதி, என்ன மதம் என்று சொல்லாமல் விட்டால் பொதுவாக இருக்குமே?

விடாதீர்கள் தம்பி. உள்ளே போகிறவன் யார் என்பதில்தான் கதையே இருக்கிறது. 1978-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் போலீஸில் ரான் ஸ்டால்வொர்த் என்ற கறுப்பினத் துப்பறிவாளர் இருந்தார். கறுப்பர்களை வெறுக்கும் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற அமைப்பு, ஆள் சேர்க்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தது. ஸ்டால்வொர்த் சொந்தப் பெயரைப் போட்டே அதற்குக் கடிதம் எழுதினார். போனில் பேசியது அவர். கூட்டத்துக்குப் போனது ஒரு வெள்ளைக்காரப் போலீஸ். இவர் போனில் சொன்னதை அவர் நேரில் மறந்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஸ்டால்வொர்த்தின் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தத் திகில் எங்கிருந்து வரும்?

இதைவிட நடுங்க வைப்பது, அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய வால்டர் வொயிட்டின் அனுபவம். கறுப்பர், ஆனால் பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரி இருப்பார். 1919-ல் ஆர்க்கன்சாவில் கறுப்பர்கள் கொல்லப்பட்டதை விசாரிக்கப் போனார். அவர் கறுப்பர் என்ற விஷயம் கசிந்ததும் ஓடிப்போய் ரயில் ஏறினார். கண்டக்டர் அவரிடமே, வேடிக்கை ஆரம்பிக்கும் நேரத்தில் கிளம்புகிறீர்களே, வெள்ளையன் மாதிரி நடிக்கும் ஒருவனைப் பிடிக்கப்போகிறார்கள் என்றாராம். வொயிட்டே இதை எழுதியிருக்கிறார்.

குடியாத்தத்திலிருந்து: வில்லன் முஸ்லிமாக இருக்கக் கூடாதா?

தாராளமாக இருக்கலாம். கதையில் அவன் ஒருவன்தான் முஸ்லிமா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் மற்ற முஸ்லிம் போலீஸுக்குத் துப்பு சொல்பவர், அவ்வளவுதானா? ஆம்பூரில் தோல் ஷாப்பில் கணக்கு எழுதுகிறவர், பிரியாணி அண்டாவுக்கு விறகு தள்ளுகிறவர், மகளின் ஃபீஸுக்கு அலைகிறவர் எல்லாம் எங்கே போனார்கள்?

ஆம்பூரிலிருந்து: வாணியம்பாடி முஸ்லிம்களின் பேச்சை எப்படி எழுதுவது?

'நம்பள்கி, நிம்பள்கி' மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நான் வளர்ந்த தெருவில் பக்கத்து வீட்டு அம்மா பிள்ளைகளை உருதுவில் திட்டுவார். அதே மூச்சில் திரும்பி என்னிடம், 'ஏம்மா, உங்க வீட்ல தண்ணி வந்துச்சா?' என்பார். சுத்தமான வடாற்காட்டுத் தமிழ். வீட்டிலேயே தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து காதால் கேளுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: வில்லனுக்கு முஸ்லிம் பெயர் வைத்தால் பிரச்சினையா?

குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: நம் முஸ்தபா பேக்கை வைத்து எழுதலாமா? காட்டிக்கொடுத்த துரோகிதானே அவர்?

எழுதுங்கள். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு முன்பே, ஜூனில், சதி நடக்கிறது என்று வெள்ளைக்கார அதிகாரியிடம் போய்ச் சொன்ன சிப்பாய் அவர். இந்திய அதிகாரிகளை விட்டு விசாரித்தார்கள். பொய் என்றார்கள், பைத்தியம் என்று அடைத்தும் வைத்தார்கள். கிளர்ச்சி அடங்கிய பிறகு பரிசு கொடுத்தார்கள்.

வேலூரிலிருந்து, இதைப் படித்துவிட்டு: துரோகி என்பது அநியாயம். கோட்டைக்குள் நடக்கப்போகும் சாவைத் தடுக்கத்தானே பார்த்தார்?

ஆற்காடு மறுபடி: பரிசு வாங்கியவருக்கு வக்காலத்தா?

இருவரும் அவருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். நாவலாசிரியர் சிப்பாய்கள் சதி பேசிய அறைக்குள் போக வேண்டும். நெற்றிக் குறி வைக்காதே, தாடியை மழி, தோல் வைத்த புதுத் தொப்பியைப் போடு என்று சிப்பாய்களுக்கு ஆணை வந்தது. அது இந்து, முஸ்லிம் இருவரையும் சேர்த்தே சுட்டது. அதனால் அந்தக் கூட்டத்தில் திருநீறும் இருந்தது, தாடியும் இருந்தது. ராத்திரி அவர்களோடு ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் அதிகாரியின் வாசலில் போய் நிற்கும் ஒருவனுக்குக் கை நடுங்கியிருக்காதா? அதை எழுதுங்கள் ஆற்காட்டுத் தம்பி. துரோகி என்ற சொல்லை முதல் அத்தியாயத்திலேயே வைத்துவிடாதீர்கள்.

சோளிங்கரிலிருந்து: வில்லன் முஸ்லிம் என்றால்...

மூன்றாவது முறை. குடியாத்தம், தம்பி, குடியாத்தம்.

திருப்பத்தூரிலிருந்து: பதிப்பகம் சொல்லுங்கள் அக்கா.

அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முதலில் கையெழுத்துப் பிரதியை, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அந்தத் தெருவில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.