சி.எஸ்.ஆர். ரசீது கையில், எஃப்.ஐ.ஆர். எங்கே?

கேள்வி: நாங்கள் ஆதிதிராவிடர். ரேஷன் கடை வரிசையில் பக்கத்துத் தெருக்காரர் என்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார். ஸ்டேஷனில் புகார் கொடுத்து இரண்டு வாரமாகிறது. சி.எஸ்.ஆர். ரசீது தந்ததோடு சரி. ‘பேசி முடிச்சுக்கலாமே’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சி.எஸ்.ஆர். என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு இன்னும் பிறக்கவே இல்லை. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை தடுப்புச் சட்டப்படி எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரித்து 60 நாளில் குற்றப்பத்திரிகை தர வேண்டும். எதிரி முன்ஜாமீன் கேட்பதற்கும் அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு தடை போடுகிறது. சமாதானப் பேச்சு மும்முரமாக நடப்பது அதனால்தான்.

‘முதலில் விசாரித்துவிட்டுத்தான் பதிவோம்’ என்ற பதில் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் செல்லாது. 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2020-இல் அதை உறுதி செய்துவிட்டது.

அடுத்த கட்டத்துக்குப் போகும் முன் உங்கள் மனுவை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். இந்த வழக்குகள் பெரும்பாலும் தோற்பது அங்கேதான். ‘என்னைச் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினார்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. அவர் வாயிலிருந்து வந்த சொல் எவ்வளவு கூசினாலும் அப்படியே மேற்கோளில் வர வேண்டும். தேதி, நேரம், வரிசையில் நின்று கேட்டவர்களின் பெயர், திட்டியவர் எதிரே நின்றாரா பின்னால் நின்றாரா என்பது வரை எழுதுங்கள். 3(1)(எஸ்) பிரிவுக்குப் ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். வெளியாள் யாருமில்லாத வீட்டுக்குள் திட்டியது இதில் வராது. ரேஷன் கடை வரிசை தாராளமாக வரும். அவர் உங்கள் சாதி தெரிந்தே பேசினார் என்பதற்கு, உங்கள் குடும்பத்தை எத்தனை வருடமாக அறிந்தவர் என்று ஒரு வரி சேருங்கள். 8(சி) பிரிவின்படி அது தெரிந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். அவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்பதும் மனுவில் இருக்கட்டும். இருவரும் அந்தப் பட்டியலில் இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. சாதிச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.

இந்த மனுவை, சி.எஸ்.ஆர். நகலோடு, மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்டேஷன் பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதுவதற்கென்றே இந்தச் சட்டத்தின் விதிகளில் 5(3) இருக்கிறது. அங்கும் அசையவில்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தபால் ரசீது அங்கே கேட்பார்கள். இடையில் 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லி ரைட்டர் எழுதினால், படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். திட்டிய சொல் ‘தகாத வார்த்தை’ ஆகிவிடுவது அந்த மேஜையில்தான். படித்துக் காட்டுவதும் நகல் தருவதும் 4-வது பிரிவின்படி அவர்கள் கடமை. அதை வேண்டுமென்றே மீறும், எஸ்.சி., எஸ்.டி. அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை உண்டு.

எஃப்.ஐ.ஆர். வந்ததும் அதன் நகலோடு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இந்தக் குற்றத்துக்கு விதிகளில் உள்ள நிவாரணம் 1 லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் 50, தண்டனை கிடைத்தால் மீதி. எதிரி ஜாமீன் கேட்டால் 15ஏ பிரிவின்படி உங்களுக்கும் நோட்டீஸ் வர வேண்டும். வரவில்லையென்றால் அரசு சிறப்பு வழக்கறிஞரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, விசாரணை நாளன்று நேரில் போய் நில்லுங்கள்.