சேவைச் சான்றிதழைப் பணம் கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு முதல் செய்முறை புராஜெக்ட், சமூக சேவை இரண்டும் கட்டாயம் என்கிறார்கள். போன புராஜெக்டுக்கு மூன்று நாள்தான் அவகாசம் தந்தார்கள். வேறு வழியில்லாமல் கடையில் ரெடிமேட் மாடல் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு கன்சல்டன்ட், பணம் கட்டினால் நூறு மணி நேர சேவைச் சான்றிதழும் ஒரு வார சேவைப் பயணமும் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். வெளிநாட்டுக் கல்லூரியில் இடம் கிடைக்க அது அவசியமாம். சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பணம் கட்டாதீர்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

அவர் சொல்வது எந்த இடத்தில் பொய்யாகிறது என்று காட்டுகிறேன். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் காமன் ஆப் என்ற ஒரே விண்ணப்பத்தை ஏற்கின்றன. வகுப்புக்கு வெளியே செய்தவற்றைச் சொல்ல அதில் 10 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். அந்தப் பகுதியில் சான்றிதழ் இணைக்க இடமே கிடையாது. பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பித்தால், 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும், மொத்தம் 4000 எழுத்துகளுக்குள். வகுப்புக்கு வெளியே என்ன செய்து தயாரானாய், அது எப்படிப் பயன்படும் என்பது அதில் ஒரு கேள்வி. ஒரு வாரப் பயணத்தை வைத்துக்கொண்டு இதற்கு என்ன எழுதுவாள்? பக்கத்திலுள்ள நூலகத்துக்கு ஒன்றரை ஆண்டு சனிக்கிழமைதோறும் போய்க் கிழிந்த புத்தகங்களை ஒட்டிய பிள்ளைக்கு எழுத நிறைய இருக்கும்.

சேவைப் பயணம் விற்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றி எனக்கு மிகுந்த கோபம் உண்டு. அவர்கள் முதலில் காட்டுவது குழந்தைகள் இல்லம். பாட்டு, விளையாட்டு, பரிசுப் பை, குழுப் படம். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர்கள் வந்தால் பணம் வருகிறது. பணம் வரும் என்பதற்காகவே ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை அழைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-ல் நவீன அடிமைமுறை பற்றி விசாரித்தபோது இதைத் தனியாகவே எடுத்துப் பேசியது. நம் பிள்ளையின் விண்ணப்பத்துக்காக இன்னொரு பிள்ளை தாயைப் பிரிந்து நிற்க வேண்டுமா? பள்ளியே இப்படி ஒரு பயணத்தை ஏற்பாடு செய்தாலும் மறுத்துவிடுங்கள்.

சரி, மணிக்கணக்கு. இங்கே ஒரு விலக்கு உண்டு. உங்கள் பள்ளி எந்தப் பாடத்திட்டத்தில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். சில இடங்களில் மணி நேரம் உண்மையிலேயே கட்டாயம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண டிப்ளமோ, அதாவது பள்ளி இறுதிச் சான்று, வேண்டுமென்றால் 40 மணி நேர சமூகப் பணி முடித்திருக்க வேண்டும். அந்த டிப்ளமோவைத் தரும் தனியார் பள்ளிகளுக்கும் இதே விதிதான். பாட நேரத்தில் செய்தது கணக்கில் வராது. வீட்டில் வழக்கமாகச் செய்யும் வேலையும் வராது. பாத்திரம் கழுவியதையும் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததையும் எழுதிக்கொண்டு வந்து, கடைசி ஆண்டில் அதெல்லாம் செல்லாது என்று தெரிந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு இப்படி ஒரு விதி இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே பள்ளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மணி நேரத்தை அன்றன்றே குறித்து, அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் அன்றே கையெழுத்து வாங்கட்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்தப் பொறுப்பாளர் மாறியிருப்பார்.

ஐ.பி. டிப்ளமோ என்ற சர்வதேச மேல்நிலைப் பாடத்திட்டத்தில் படிக்கப் போகிறாள் என்றால் கதை வேறு. அதில் படைப்பு, செயல், சேவை என்று ஒரு பகுதி உண்டு. முன்பு 150 மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்தார்கள், பிறகு அதைக் கைவிட்டுவிட்டார்கள். இப்போது 18 மாதம் தொடர்ந்து செய்ய வேண்டும், குறைந்தது ஒரு மாதம் நீளும் ஒரு புராஜெக்டும் வேண்டும். ஆக, கன்சல்டன்ட்டின் நூறு மணி நேரத்துக்கு அங்கே வேலையே இல்லை.

செய்முறைக் கற்றலும் சேவையும் தனித்தனிப் பாடங்கள் என்று பள்ளிகள் நினைத்துக்கொண்டிருப்பதுதான் இத்தனைக்கும் வேர். ஒன்றுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பீரியட், ஒரு கண்காட்சி. மற்றொன்றுக்கு இன்னொருவர், இன்னொரு ஃபைல், நாற்பது புகைப்படம். பிரிட்டனின் வேல்ஸில் 1962-ல் அட்லாண்டிக் கல்லூரி என்ற தனியார் பள்ளியைத் தொடங்கினார்கள். கடலில் தவிப்பவர்களை மீட்பது அங்கே மாணவர்களின் கடமை. காற்றடைத்த படகுகளின் துணி அடிப்பாகம் சீக்கிரமே தேய்ந்துபோனது. மாணவர்களும் முதல்வர் டெஸ்மண்ட் ஹோரும் அடியில் ஒட்டுப்பலகை பொருத்திப் பார்த்தார்கள், பிய்ந்தது, மாற்றினார்கள், மறுபடி கடலில் இறக்கினார்கள். அப்படித்தான் கெட்டியான அடிப்பாகம் கொண்ட காற்றுப் படகு உருவானது. இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் இந்த வகைப் படகு ஓடுகிறது. அதன் காப்புரிமையை 1973-ல் ஒரே ஒரு பவுண்டுக்கு பிரிட்டனின் உயிர்காப்புப் படகு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் கைவேலை கற்றதும் சேவை செய்ததும் அதே படகில்தான்.

உங்கள் மகள் படகு செய்ய வேண்டியதில்லை. நான் வழிநடத்திய ஒரு பள்ளியில் நான்கு பிள்ளைகள் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். முதல் இரண்டு வாரம் எதையும் செய்யக்கூடாது, பார்க்கவும் கேட்கவும் மட்டும்தான் என்று சொல்லியிருந்தேன். குளியலறை வாசலில் ஈரத்தரையில் கைத்தடி வழுக்குகிறது என்று ஒரு பாட்டி காட்டினார். தடியின் நுனியிலிருந்த ரப்பர் தேய்ந்து வெறும் கட்டை தெரிந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார்கள், இரண்டே நாளில் சுருண்டு வந்துவிட்டது. டயர்த் துண்டை ஆணியடித்துப் பார்த்தார்கள், ஆணி தரையைக் கீறியது. மூன்றாவது தடவை அடுக்கடுக்காக ஒட்டி, அடியில் வரிவரியாகப் பள்ளம் வெட்டினார்கள், நின்றது. உராய்வைப் பற்றி அதற்குப் பிறகு அந்த நால்வருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். வாரம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் ஓர் ஆண்டாவது விடாமல் போகட்டும். உங்களுக்கு என்ன தேவை என்று அங்கே இருப்பவர்களைக் கேட்ட பிறகு எதையும் தொடங்கட்டும். திரும்பி வந்ததும் நான்கு வரி எழுதட்டும். சரிப்படாமல் போனதையும் எழுதட்டும். அப்புறம் பள்ளி ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பாருங்கள். இந்தச் சேவையையே புராஜெக்டாகவும் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏற்பார்கள், அவர்களுக்கும் ஒரு ஃபைல் குறையும். மூன்று நாள் அவகாசத்தைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். மூன்று நாளில் எந்தப் பிள்ளையும் எதையும் செய்து பழக முடியாது, கடைக்காரர்தான் பிழைப்பார். கடையில் வாங்கியதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம், தவறு அவகாசம் கொடுத்தவர்களுடையது. அடுத்த தடவை முழுதாக முடியாவிட்டாலும், அவள் கையால் செய்த அரைகுறை மாடலையே கொடுத்தனுப்புங்கள்.

வாங்கிய மாடல் இன்னும் வீட்டில் இருக்கிறதா? தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து அவளையே பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்று வரைந்துவிட்டுத் திரும்பப் பூட்டிப் பார்க்கட்டும். பூட்ட வராவிட்டால் படத்தை எடுத்துக்கொண்டு அறிவியல் ஆசிரியரிடம் போகட்டும்.